பௌர்ணமிக்கு மறுநாள் வயிற்றுவலி

திருவண்ணாமலையில கிளினிக் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் பழக்கம். பௌர்ணமிக்கு மறுநாள் கூட்டம் வேற மாதிரி இருக்கும். 14 கிலோமீட்டர் வெறுங்காலோட கிரிவலம் சுத்தினவங்களோட கால் கொப்புளம், முட்டிவலி, வழியில சாப்பிட்டதுல வயிற்றுப்போக்கு.

அதனால, ரெண்டாம் வகுப்புப் பையன் ஒருத்தனை அவங்க அம்மா கூட்டிட்டு வந்து, "பௌர்ணமி முடிஞ்சா போதும் சார், இவனுக்கு வயிறு வலிக்குது"ன்னு சொன்னப்போ, நான் யோசிக்கவே இல்லை. அன்னதானம்தான். "ரோட்டோரம் எதையும் வாங்கித் தராதீங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

அடுத்த மாசமும் வந்தாங்க. வெளியில எதுவுமே சாப்பிடலையாம். காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, எடை குறையலை. வயிற்றை அமுக்கினா சிரிக்கிறான். பௌர்ணமி சனிக்கிழமை வந்தா மறுநாள் வலியே கிடையாது!

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிட்டு அவன்கிட்டயே கேட்டேன்.

"அன்னிக்கு மிஸ் சிரிக்க மாட்டாங்க. நோட்டைத் தூக்கிப் போடுவாங்க."

உன்னை அடிப்பாங்களா? "இல்லை. பக்கத்து பையனைத் திட்டுவாங்க."

கவனிங்க, இவனைத் திட்டலை. ஆனா வலி இவனுக்கு.

இது நடிப்பில்லைங்க. 2016-ல கனடாவுல ஓபர்லே, ஷோனர்ட்-ரைக்ல்னு ரெண்டு ஆய்வாளர்கள் 4 முதல் 7-ஆம் வகுப்பு வரை படிக்கிற 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளோட உமிழ்நீரை எடுத்து, கார்டிசால் ஹார்மோனை அளந்தாங்க. வேலையில ரொம்ப சோர்ந்து போன ஆசிரியர்களோட வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலையில அந்த அளவு கூடுதலா இருந்துச்சு. எது காரணம், எது விளைவுன்னு இதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. அடங்காத வகுப்பும் ஆசிரியரைச் சோர வைக்கும்ல?

ஆனா கார்டிசால் ஏறினா, ஏற்கெனவே படிச்சதை நினைவிலிருந்து எடுக்கறது தடுமாறும். வீட்ல கடகடன்னு வாய்ப்பாடு சொல்ற பிள்ளை வகுப்புல முழிக்கிறது இதனாலயும் இருக்கலாம்.

கொஞ்ச நாள் கழிச்சு தலைவலின்னு ஒரு டீச்சர் வந்தாங்க. பிபி 160/100. எந்தப் பள்ளின்னு நான் கேட்கலை. தினமும் போளூர்ல இருந்து பஸ். பௌர்ணமியன்னிக்கு ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையத்துக்கு நடந்து, கூட்டத்துல ஏறி, வீடு போய்ச் சேர நடுராத்திரி. காலையில நாலரைக்கு எழுந்து சமையல். "பிள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன் சார். சாயங்காலம் நினைச்சா அழுகை வருது"ன்னாங்க. மாத்திரை எழுதினேன். தூக்கத்தை எங்க எழுதறது?

அவங்களை எடை போட எனக்கு யோக்கியதை இல்லை. அதையும் சொல்லிடறேன்.

நான் முன்னாடி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில பயிற்சி டாக்டர்களுக்கு நானும் வாத்தியார்தான். 36 மணி நேர டியூட்டி முடியற நேரத்துல, ஒரு பொண்ணு கேட்ட சாதாரண சந்தேகத்துக்கு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அன்னிக்கு ராத்திரி ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் 6.8-ன்னு ரிப்போர்ட் வந்துச்சு. இதயம் நின்னு போகக்கூடிய அளவு. அந்தப் பொண்ணு எனக்கு போன் பண்ணத் தயங்கி, புத்தகத்தைப் புரட்டிட்டு, நாற்பது நிமிஷம் கழிச்சுத்தான் கூப்பிட்டா. அவளுக்கு வைத்தியம் தெரியும். என் முகம் நினைவுக்கு வந்ததும் தெரிஞ்சதெல்லாம் மறந்து போச்சாம். நோயாளி பிழைச்சுட்டார். மறுநாள் வார்டுல எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன்.

பையனோட அம்மாகிட்ட, "சண்டைக்குப் போகாதீங்க. மிஸ்கிட்ட தனியா, தணிவா சொல்லுங்க"ன்னு சொல்லியிருந்தேன். போய்ப் பேசியிருக்காங்க. அந்த மிஸ் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "என்னைப் பார்த்தா வயிறு வலிக்குதா அவனுக்கு?"ன்னு கேட்டாங்களாம். இப்போ பௌர்ணமிக்கு மறுநாள் முதல் பீரியடுல பாடம் கிடையாது, படம் வரையறதாம். பிள்ளைங்க வரையறாங்க, மிஸ் கொஞ்சம் உட்கார்ந்துக்கறாங்க.

போன மாசம் சளிக்கு வந்திருந்தான். வயிற்றுவலி எப்படிடான்னு கேட்டா, அதை விட்டுட்டு என்னையே கேட்கிறான்: "டாக்டர், அன்னதானம் சாப்பிடலாமா இனிமே?"

சாப்பிடுடா, கையைக் கழுவிட்டுச் சாப்பிடுன்னேன்.