குடமும் வட்டும்

எங்கள் ஊர் வேப்பூர். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையும், விருத்தாசலத்திலிருந்து சின்னசேலம் நோக்கிச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் அது அமைந்துள்ளது. ஆதலின், எங்கள் ஊர்க் குழந்தைகள் தாலாட்டுக் கேட்டு உறங்குவதினும் ஊர்திகளின் ஒலி கேட்டு உறங்குவதே மிகுதி. வெள்ளிக்கிழமைதோறும் இங்கே ஆட்டுச் சந்தை கூடும். பொழுது புலர்வதற்கு முன்பே ஆடுகளும் ஆட்களும் சாலையை நிறைத்துவிடுவர்.

என்னிடம் பழைய மாருதி 800 வண்டி ஒன்று உண்டு. 1983 டிசம்பரில் முதன்முதலாக நம் நாட்டுச் சாலைகளில் ஓடத் தொடங்கிய சிறு கார் அது. 2014 சனவரியில் அதன் உற்பத்தி நிறுத்தப்பெற்றது. என்னுடையது 1998-ஆம் ஆண்டு வண்டி. பள்ளிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, நண்பர் ஒருவரிடமிருந்து வாங்கினேன். மாதம் இருமுறை என் மனைவியாரை விருத்தாசலத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கு அதுவே துணை.

சென்ற ஆண்டு கோடையில், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முன் சக்கரத்திலிருந்து ஓர் ஒலி எழத் தொடங்கியது. சாணைக்கல்லில் அரிவாள் தீட்டுவது போன்ற ஒலி. மிதிகட்டையும் காலின்கீழ் அதிரலாயிற்று. இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றேன். வாரம் மாதமாயிற்று. வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நடத்தியவன் நான் என்பதை இங்கே சொல்லிக்கொள்ள வெட்கப்படுகின்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மனைவியாருடன் விருத்தாசலம் புறப்பட்டேன். சந்தைக்கு அருகில், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு சாலையின் குறுக்கே பாய்ந்தான். மிதித்தேன். வண்டி அலறியது, அதிர்ந்தது, ஒரு பக்கமாக இழுத்தது, நின்றது. அச் சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கலாம். அவன் குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. மனைவியார் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீடு திரும்பிய பின்னர், “இனி இந்த வண்டியில் நான் ஏறமாட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலையே என் பழைய மாணவர் ஒருவருக்குச் சொல்லியனுப்பினேன். அவர் பெருஞ்சாலையோரத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கின்றார். மறுநாள் காலையில் கருவிகளோடு வந்து, எங்கள் வீட்டு வேப்பமரத்தடியிலேயே வேலையைத் தொடங்கினார். ஓடக்கூடாத வண்டியைப் பட்டறை வரை ஓட்டிக்கொண்டு வரவேண்டாம் என்பது அவர் கருத்து.

சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே ஓர் இரும்பு வட்டு தெரிந்தது. அதனை டிஸ்க் என்பர். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் அவ் வட்டை இருபுறத்திலிருந்தும் இரண்டு பட்டைகள் கவ்விப் பிடிப்பதால்தான் வண்டி நிற்கின்றது. இம்முறைக்கு 1902-ஆம் ஆண்டில் லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்றார். எனினும், 1953-இல் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் வட்டுப் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பின்னரே உலகம் இதன் அருமையை உணர்ந்தது.

“ஐயா, நகத்தால் தடவிப் பாருங்கள்” என்றார் மாணவர். ஏர் உழுத சால்போல வட்டில் வரிவரியாகப் பள்ளங்கள் இருந்தன. பட்டைகள் முற்றும் தேய்ந்துபோய், அவற்றின் இரும்பு முதுகே வட்டை அறுத்திருக்கின்றது. நான் மாதக்கணக்கில் கேட்டும் கேளாதிருந்த ஒலி அதுதான்.

பிரேக் செய்யும் வேலையை நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். ஓடும் வண்டியின் ஆற்றல் முழுவதையும் அது வெப்பமாக மாற்றியாக வேண்டும். ஆட்களோடு 900 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதனை ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 30 பாகை சூடேற்றப் போதும். வேகம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இத்தனையும் பெரும்பாலும் முன் சக்கரங்களின் இரண்டு வட்டுகள் மேல்தான் ஏறுகின்றது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைக் கண்டிருக்கின்றேன். என் காலடியிலேயே ஒரு சிறு சூளை எரிந்துகொண்டிருந்ததை அறிந்தேனில்லை.

“வட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டேன்.

மாணவர் சிரித்தார். “இக்காலத்து வண்டிகள் பலவற்றில் வட்டு, குடத்துக்கு வெளியே இருக்கும் ஐயா. கவ்வியை எடுத்தால் கையோடு வந்துவிடும். இதில் குடத்துக்குப் பின்னால் இருக்கின்றது. குடத்தை இழுத்தெடுத்தால்தான் வட்டு வரும். குடமோ பேரிங்குக்குள் இறுகிப் போயிருக்கின்றது.”

அவர் குடம் என்றதும் என் மனம் துள்ளியது. ஹப் என்றுதான் பட்டறையில் வழங்குவர். என்பொருட்டுத் தமிழில் சொல்லியிருக்கின்றார்! மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் குடம் என்று பெயர். அதிலிருந்து புறப்படுவன ஆரக்கால்கள். அவற்றைச் சூழ்ந்து நிற்பது வட்டை. குடத்தின் ஊடே செல்வது அச்சு. சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது அச்சாணி. வள்ளுவர் தேருக்குச் சொன்ன அச்சாணியும் இதுவே. இம் மாணவர் தொகைநிலைத் தொடரை விரிக்கத் தெரியாமல் ஒருகால் என்னிடம் பெஞ்சின்மேல் ஏறி நின்றவர். உருபு மறைந்து நிற்பது தொகை; விரித்தால்தான் அது புலப்படும். குடத்தின் பின்னே மறைந்து நின்ற வட்டை இன்று அவர் விரித்துக்கொண்டிருந்தார். நான் அருகில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலை எளிதாக இல்லை. முதலில் சக்கரத்தை மீண்டும் பூட்டித் தரையில் ஊன்றவைத்து, அச்சின் நுனியிலுள்ள பெரிய நட்டைத் தளர்த்த வேண்டியிருந்தது. அது மிக இறுக்கமாக இருந்தது. நான் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ள, அவர் ஸ்பேனரில் நான்கடி நீள இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியில் தம் உடல் எடை முழுவதையும் சாய்த்தார். ‘டக்’ என்று ஓர் ஒலி, நட்டு இசைந்தது. பிறகுதான் ஜாக்கியால் வண்டியைத் தூக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கவில்லை. இரும்புத் தாங்கிகளையும் கொடுத்தார். கவ்வியைக் கழற்றிக் கம்பியால் மேலே கட்டினார். அதன் எடை ரப்பர் குழாயில் தொங்கினால் குழாய் பழுதாகிவிடும் என்றார். படிந்திருந்த தூசியை நான் வாயால் ஊதப் போனபோது சட்டென்று தடுத்து, ஈரத் துணியால் துடைத்தெடுத்தார். பழைய பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

குடத்தை இழுப்பதற்கு அவர் கொண்டுவந்த கருவி விந்தையானது. நீண்ட கம்பி ஒன்று; அதில் ஓடக்கூடிய கனத்த குண்டு ஒன்று. கம்பியின் ஒரு முனையைக் குடத்தில் பூட்டி, குண்டை மறுமுனைக்கு வேகமாக இழுத்து மோதச் செய்தார். ஒவ்வொரு மோதலும் குடத்தை மயிரிழை அளவு வெளியே இழுத்தது. இருபதாவது அடியில் குடமும் வட்டும் ஒன்றாக வெளிவந்தன. ஆனால், பேரிங்கின் உள்வளையமும் குடத்தைப் பற்றிக்கொண்டு உடன் வந்துவிட்டது. வளையத்துக்கும் குடத்தின் தோளுக்கும் இடையே இழுவைக் கருவியின் நகம் நுழைய இடமில்லை. அரை மணி நேரம் முயன்றும் பயனில்லை.

அப்போது எனக்கு என் தந்தையாரின் மாட்டு வண்டி நினைவுக்கு வந்தது. சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் நாளில், நாங்கள் பள்ளிக்குப் போகாமல் கொல்லர் உலைக்களத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம். பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாகச் செய்திருப்பார். அதனைத் தரையில் கிடத்தி, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டுவார். பட்டை சிவந்து விரிந்ததும், நால்வர் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவர். மரம் புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவர். ‘சுர்’ரென்ற ஓசையோடு பட்டை சுருங்கி, ஆரக்கால்கள் கிறீச்சிட, சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். பல ஆண்டுகள் கழிந்தும் அக் கரிந்த மரத்தின் மணம் என் மூக்கை விட்டு அகலவில்லை.

“தம்பி, வளையத்தை மட்டும் சூடாக்கினால் என்ன? அது விரியுமே” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எப்படியும் இந்த வளையம் குப்பைக்குத்தான் போகிறது. செய்யலாம் ஐயா.” எரிவாயு விளக்கின் சுடரை வளையத்தின்மேல் விரைவாகச் சுழற்றினார். குடத்துக்கு வெப்பம் ஏறுமுன் வளையம் விரிந்தது. இரண்டு தட்டில் கழன்று விழுந்தது. அன்று முழுவதும் நான் செய்த உருப்படியான வேலை அஃது ஒன்றே. அதனை என் மனைவியாரிடம் மும்முறை சொன்னேன்.

பின்னர், குடத்தோடு வட்டைப் பிணைத்திருந்த துருவேறிய போல்ட்டுகளைக் கழற்றினார். புதிய வட்டை வைப்பதற்கு முன், குடத்தின் முகத்தை உப்புத்தாளால் நெடுநேரம் தேய்த்தார். “போதும், பளபளக்கிறதே” என்றேன். “இங்கே மயிரிழைத் துரு இருந்தாலும் வட்டின் விளிம்பு ஆடும் ஐயா, மறுபடியும் மிதிகட்டை அதிரும்” என்றார். என் பொறுமை அங்கேயே தீர்ந்துவிட்டது. புதிய பேரிங்கைச் சுத்தியலால் அடித்து உள்ளே இறக்கிவிடலாமே என்றேன். அதற்கு அவர் இசையவில்லை. வெளிவளையம் இறுகும் இடத்தில் வெளிவளையத்தையே அழுத்த வேண்டும். உள்வளையம் இறுகும் இடத்தில் உள்வளையத்தையே அழுத்த வேண்டும். அழுத்தம் நடுவிலுள்ள குண்டுகளின் வழியே சென்றால் பேரிங்கு அன்றே கெட்டுவிடும் என்று விளக்கினார். சக்கரத்தைத் தாங்கும் முட்டியையும் கழற்றி, எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, தம் பட்டறையிலுள்ள அழுத்துபொறிக்கு எடுத்துச் சென்றார். மாலையில் திரும்பிவந்து பூட்டினார். வலப்பக்கம் முடிந்தபோது இருட்டிவிட்டது. இரண்டு வட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும் ஆதலின், ஞாயிறு முழுவதும் இடப்பக்கத்து வேலை நடந்தது.

எல்லாம் முடிந்ததும் நான் ஆவலோடு ஏறி அமர்ந்து, சாவியைத் திருப்பப் போனேன். அவர் சன்னலின் வழியே கை நீட்டித் தடுத்து, “முதலில் பிரேக்கை மிதியுங்கள்” என்றார். மிதித்தேன். மிதிகட்டை எதிர்ப்பே இல்லாமல் அடிவரை சென்றது. என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. புதிய பட்டைகளுக்கு இடம் செய்வதற்காகக் கவ்வியின் உந்தை உள்ளே தள்ளியிருந்தார். பலமுறை மிதித்தால்தான் அது மீண்டும் வட்டை வந்து சேரும். நான்காம் மிதியில் கால் உறுதியை உணர்ந்தது. அவர் தடுத்திராவிடின், பிரேக் இல்லாத வண்டியை நேரே சாலைக்கு ஓட்டியிருப்பேன்.

கூலியாக அவர் கேட்டது மிகக் குறைவு. கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். புறப்படும்போது, “சில நாள்களுக்கு மெதுவாக மிதியுங்கள் ஐயா, பட்டையும் வட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும்” என்று சொல்லிப் போனார்.

மனைவியார் வாயிற்படியில் நின்றிருந்தார். “நிற்கிறதா?” என்றார். “நிற்கிறது” என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், நான் அழைக்கும் முன்பே மருந்துப் பையோடு வந்து முன்னிருக்கையில் அமர்ந்தார். சந்தை நெருங்கியதும் அவர் கை கதவின் பிடியைப் பற்றிக்கொண்டது. ஆடுகள் கடப்பதற்காக நான் வண்டியை மெல்ல நிறுத்தினேன். கடைசி ஆடு கடந்து, சந்தை முழுவதும் பின்னே போகும்வரை அந்தப் பிடியை அவர் விடவேயில்லை.