வண்டி சொல்லும் நோய்

இடப்பள்ளியில் இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. பன்வேலிலிருந்து மேற்குக் கடலோரமாகக் கன்னியாகுமரி செல்லும் 66ஆம் எண் சாலை ஒன்று. சேலத்தில் தொடங்கி, கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியாக வந்து இங்கு முடியும் 544ஆம் எண் சாலை மற்றொன்று. தமிழ்நாட்டிலிருந்து கொச்சிக்குப் பிழைக்க வரும் குடும்பங்கள் பல இரண்டாவது சாலை வழியாகவே வந்து சேர்கின்றன. சாலைகள் கூடுமிடத்தில் வண்டிகள் கூடும். வண்டிகள் கூடுமிடத்தில் அவற்றைப் பழுது பார்ப்போரும் இருப்பர்.

அத்தகைய பணிமனை ஒன்றுக்கு மழைக்காலக் காலையொன்றில் பன்னிரண்டு ஆண்டுப் பழைமை உடைய கார் ஒன்று வந்தது. அதன் உரிமையாளர் மட்டாஞ்சேரியில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழர். கொச்சிக்கு வந்து மூன்று ஆண்டுகளே ஆனவர். மூட்டை சுமந்து சுமந்து அவருடைய இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதிக்க அந்தக் கால் இடங்கொடாது. ஆதலால், தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியைத் தேடிப் பிடித்து, சேமிப்பு முழுவதையும் கொடுத்து வாங்கினார். நான்கே மாதங்களில் வண்டி வழுக்கத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமும். சக்கரங்களோ வேகம் கொள்ளா.

அவர் முதலில் நாடிய பணிமனையில் ஒரு கருவியைப் பொருத்திப் பார்த்தனர். ‘பி0700’ என்னும் குறியீடு திரையில் தோன்றியது. உடனே, கியர்பாக்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றனர். அதற்கான செலவோ வண்டியின் விலையில் பாதிக்கும் மேல். தரகர் ஒருவர் வேறு வழி கூறினார். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலைப்பொழுதில் வண்டி நன்றாகவே ஓடுகிறது. அவ்வேளையில் ஓட்டிக் காட்டி எவரிடமேனும் விற்றுவிடலாம் என்பது அவர் யோசனை. கடைக்காரர் இரண்டு நாள் உறங்கவில்லை. மூன்றாம் நாள், எட்டாம் வகுப்பில் பயிலும் மகளை உடன் அழைத்துக்கொண்டு இடப்பள்ளிக்கு வந்தார்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக்கை எல்லாரும் ‘ஆசான்’ என்று அழைத்தனர். தொழிலில் தேர்ந்த மூத்தவரை அவ்வாறு அழைப்பது கேரள வழக்கம். ஆசான் காரின் முன்மூடியைத் திறக்கவில்லை. முதலில் உரிமையாளரைப் பார்த்து, “வண்டி வலிக்குன்னில்ல, அல்லே?” என்றார். தந்தை திகைத்தார். வண்டிக்கு எப்படி வலிக்கும்?

“வண்டி இழுக்கவில்லையா என்று கேட்கிறார், அப்பா. மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது” என்றாள் மகள்.

தமிழிலும் அப்பொருள் உண்டு. படகோட்டுவோர் துடுப்பு வலிப்பர். தமிழ்ப் பேச்சில் அரிதாகிவிட்ட அந்தப் பொருள், மலையாளத்தில் நாள்தோறும் வழங்குகிறது. இரண்டு மொழியும் அறிந்த சிறுமி அன்று நடுவில் நின்றிராவிட்டால், ஆசானின் கேள்விகளுக்குத் தலையசைப்பே விடையாகியிருக்கும்.

கேள்விகள் பல வந்தன. எப்போது தொடங்கியது? திடீரென்றா, சிறிது சிறிதாகவா? வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னரா? எல்லாக் கியர்களிலுமா, ஒன்றில் மட்டுமா? ரிவர்ஸ் எடுக்கிறதா? நிறுத்திய இடத்தில் எண்ணெய்க் கறை உண்டா? நாள்தோறும் அதே வண்டியில் பள்ளிக்குச் செல்லும் சிறுமி ஒவ்வொன்றுக்கும் விடை கூறினாள். காலையில் குறை இல்லை. நெரிசலில் நெடுநேரம் ஊர்ந்தபின் வெண்டுருத்திப் பாலத்து ஏற்றத்தில் வழுக்குகிறது. மழை பெய்த நாள்களில், வண்டி நின்ற இடத்துத் தண்ணீரில் செந்நிறப் படலம் மிதந்தது. அது வேறு வண்டியின் கறை என்று வீட்டில் எண்ணியிருந்தனர்.

இவ்விடைகள் ஏன் பயன்படும் என்பதை அறிய, கியர்பாக்ஸின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். குட்டநாட்டு உழவர் முற்காலத்தில் காலால் மிதித்துச் சுழற்றிய சக்கரம், நீரைத் தள்ளியது. மலையோடையில் வைத்த ஆலைச் சக்கரத்தையோ நீர் தள்ளும். இவ்விரு சக்கரங்களையும் நேருக்கு நேராக ஒரே உறைக்குள் வைத்து, நீருக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பினால், அதுவே ‘டார்க் கன்வெர்ட்ட’ரின் அடிப்படை. எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது வீசும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றும். ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றது கப்பல்களுக்காகவே. பின்னரே இது தரைக்கு வந்தது. உள்ளே உள்ள கிளட்ச் தட்டுகளை இறுகப் பிடித்துக் கியர் மாற்றுவதும் எண்ணெயின் அழுத்தமே. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். நுரைத்த எண்ணெய்க்கு அழுத்தம் இராது. சூடேறினால் அது மேலும் இளகும். பிடி தளரத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்; வழுக்க வழுக்கத் தேயும்.

தானியங்கி வண்டிகள் அனைத்தும் இவ்வகையின அல்ல. சிலவற்றில் இரண்டு கப்பிகளுக்கிடையே உலோகப் பட்டை ஓடும். வேறு சிலவற்றில் சாதாரணக் கியர்பாக்ஸையே ஒரு மின்பொறி இயக்கும். 2014இல் வந்த செலேரியோ கார் வழியாக இம்முறை இந்தியாவில் பரவியது. எவ்வகை என்று அறியாமல் பழுதைத் தேடுதல், நோயாளி யார் என்று அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆசான் குறியீட்டையும் பார்த்தார். பி0700 என்பது நோயின் பெயரன்று. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதியில் ஏதோ குறை பதிவாகியுள்ளது என்னும் அறிவிப்பு மட்டுமே. அது கதவைத் தட்டும் ஓசை போன்றது; வந்தவர் யார் என்பதைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பின்னர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சூடேற்றி, கியர்பாக்ஸின் டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். எண்ணெய் மிகவும் குறைந்திருந்தது. இவ்வண்டிக்குரிய புதிய எண்ணெய் செந்நிறமானது. துணியில் படிந்ததோ கரும்பழுப்பு நிறம். மெல்லிய கருகல் வாடை வீசியது. எண்ணெய் பாலேடு போன்ற இளஞ்சிவப்பாக இருந்திருந்தால், தண்ணீர் கலந்ததன் அறிகுறி. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பெரியாற்றங்கரை ஊர்கள் மூழ்கியதைக் கண்ட கொச்சியில், பழைய வண்டி வாங்குவோர் அதையும் பார்த்தல் நன்று.

பிரேக்கை முழுதும் அழுத்தியபடி ஆக்சிலரேட்டரை ஐந்து நொடிக்கு மேற்படாமல் மிதித்து, எஞ்சின் எவ்வளவு சுழல்கிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஆசான் அதைச் செய்யவில்லை. எண்ணெய் குறைந்த நிலையில் அந்தச் சோதனையே தட்டுகளைக் கருக்கிவிடும். மாறாக, எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்லும் குழாயை விரலால் தடவினார். அதன் முனையில் வெடிப்பு இருந்தது. அடித்தட்டைக் கழற்றியபோது, உள்ளிருந்த காந்தத்தில் மைபோன்ற சாம்பல்நிறப் படிவு மட்டுமே காணப்பட்டது. பழைய வண்டிக்கு அது இயல்பு. உலோகச் சில்லுகள் இல்லை.

குழாய், வடிகட்டி, வண்டிக்குரிய தரத்து எண்ணெய் ஆகிய மூன்றும் மாற்றப்பட்டன. நண்பகல் வெயிலில் ஆலுவா வரை ஓட்டித் திரும்பினர். வண்டி வழுக்கவில்லை. ஆயினும் ஆசான் மகிழ்ச்சியை அளந்தே கொடுத்தார். கசிவு நின்றது, தேய்ந்த தட்டுகள் தேய்ந்தவையே. ஓராண்டு ஓடலாம், மூன்றாண்டும் ஓடலாம். உறுதி கூற இயலாது என்றார். அவர் பெற்ற கூலி சிறிது. அந்தச் சொல்லுக்காகவே அவரைத் தேடி வருவோர் பலர்.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அவர் நிறுத்தவில்லை. அருகிருந்து பேணுபவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். வாய் பேசாத வண்டிக்கு அந்த நான்காமவர் இன்றியமையாதவர். வண்டி எங்கே, எப்போது, எப்படித் தடுமாறியது என்று கண்டு, கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் கூறுபவர் அவரே.

சில நாள் கழித்துத் தரகர் மீண்டும் வந்தார். இப்போது நல்ல விலை போகும் என்றார். “விற்கும் நாள் வந்தால், தட்டுகள் தேய்ந்திருப்பதைச் சொல்லித்தான் விற்பேன்” என்றார் கடைக்காரர். தரகர் தேநீர் அருந்திவிட்டு எழுந்து சென்றார்.

சிறுமி ஒரு குறிப்பேடு தொடங்கினாள். நாள், எண்ணெய் அளவு, நிறம் என்று கட்டங்கள் வரைந்தாள். கடைசிக் கட்டத்துக்கு ‘வலிவு’ என்று தலைப்பிட்டாள். தந்தை அதனை வலிமை என்று படிப்பார். ஆசான் இழுவிசை என்று புரிந்துகொள்வார்.

சிந்தித்து எழுதுக

1. ஆசான் கேட்ட கேள்விகளுள் எது பழுதைக் கண்டறிய மிகவும் உதவியது? காரணம் கூறுக.
2. தரகரின் யோசனைப்படி வண்டி விற்கப்பட்டிருந்தால், இழப்பு யாருக்கு?
3. நீங்கள் வாழும் ஊரின் மொழியிலும் தமிழிலும் வழங்கி, பொருள் வேறுபடும் சொற்கள் மூன்றினைத் தொகுத்து எழுதுக.