இலவு காத்த இரவு

ஐப்பசிக் கடைசியில் போடிநாயக்கனூருக்குப் போகிறவர்களுக்கு மலை தெரியாது; மேகந்தான் தெரியும். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி மாலை, மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் பஸ்ஸில் சென்று நான் அங்கே இறங்கியபோது, மேற்றிசை முழுவதும் ஒரே கறுப்பாயிருந்தது. அப்போது போடிக்கு ரயில் கிடையாது. 2010-ஆம் ஆண்டின் முடிவில் நின்றுபோன ரயில், 2023-ஆம் ஆண்டில்தான் திரும்பி வந்து சேர்ந்தது.

போடி, மலையை நம்பி வாழும் ஊர். மேலே கேரள எல்லைக்கு அப்பால் விளையும் ஏலம் இங்கேதான் ஏலத்துக்கு வருகிறது. இப்போது அதுவும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. விடியுமுன்பே பெண்கள் தூக்குச் சட்டியும் கையுமாக ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டைக் கடந்து காய் எடுக்கப் போகிறார்கள். பொழுது சாயத் திரும்புகிறார்கள். அடிவாரத்திலோ இலவ மரங்கள். கோடையில் அவற்றின் காய் முற்றி வெடித்தால், ஊரில் மெத்தைக்கும் தலையணைக்கும் குறைவேது?

அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தப் பஞ்சுதான் பரப்பிக் கிடந்தது. அடியில் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை. மேலே அக்காவின் நூல் புடவை. நடுவே மெல்லிய பஞ்சு. அத்தான் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வாரத்தில் ஆறு நாள் மலைமேல் குளிரில் வாசம். எட்டு நாளில் வரவிருந்த திருக்கார்த்திகையன்று அவருக்குக் கொடுப்பதற்காகத்தான் அந்தப் போர்வை.

"இலவம்பஞ்சு வழுக்கும், தம்பி. நெருக்கித் தைக்காவிட்டால் ஒரு மூலையில் போய்த் திரண்டுகொள்ளும்" என்றாள் அக்கா. ஊசி வரிவரியாக ஓடிற்று.

டெலிவிஷனில் புயல் செய்தி. கஜா என்பது அதற்கு இலங்கை சூட்டிய பெயர். யானை என்று பொருள்.

"மலையில் இருக்கிற யானைகள் போதாதாமா?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. ஏலச் செடிக்கு மழையும் வேண்டும், நிழலும் வேண்டும். பெருங்காற்று மட்டும் ஆகாது. நிழல் தரும் மரம் சாய்ந்தால் செடியும் போயிற்று, பக்கத்திலுள்ள குடிசையும் போயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் இடுக்கி ஜில்லா பட்ட பாட்டை அவள் மறந்துவிடவில்லை. டெலிபோனிலும் அத்தான் அகப்படவில்லை.

மின்சாரம் நின்றது. அரிக்கேன் விளக்கடியில் அக்கா தைத்தாள்; நான் நூல் கோத்துக் கொடுத்தேன். நாற்பதைத் தாண்டிய என் கண்ணுக்கு ஊசியின் காது எளிதில் புலப்பட்டதா என்று கேட்காதீர்கள்.

நள்ளிரவுக்குப் பின் புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிற்று. சோழ நாட்டுத் தென்னைகள் லட்சக்கணக்கில் வீழ்ந்தன. திண்டுக்கல்லைக் கடந்து மலையை நெருங்கியபோது அதன் வேகம் தணிந்திருந்தது. ஆயினும் வெள்ளிக்கிழமையன்று காற்றும் மழையும் எங்களை வெளியே தலைகாட்ட விடவில்லை. கடைசி வரியை முடித்து அக்கா நூலைப் பல்லால் கடித்தபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. டெலிபோன் அப்போதும் பேசவில்லை.

ஏமாந்தவர்களை 'இலவு காத்த கிளி' என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தக் கிளி சும்மா உட்கார்ந்து காத்தது. அக்கா அப்படிக் காக்கவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தான் ஜீப்பிலிருந்து இறங்கினார். வேட்டியெல்லாம் சேறு. தோட்டத்தில் இரண்டு மரங்கள் சாய்ந்தனவாம், ஆட்களுக்குச் சேதமில்லையாம். வெந்நீரில் குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் மேல் அக்கா புதுப் போர்வையைப் போர்த்தினாள்.

"கார்த்திகைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறதே, அக்கா?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. அத்தான் அதற்குள் குறட்டைவிட ஆரம்பித்திருந்தார்.