தாய் ஓட்டலும் மூணு ஸ்பிரிங் ரோலும்

போன சனிக்கிழமை நடந்த சமாச்சாரம் இது. சிரிப்பா எழுதணும்னுதான் உக்காந்தேன். எங்கே போய் முடியுதுன்னு பாப்போம்.

அம்மா ஊரிலேர்ந்து டாலஸ் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஊர்னா இடுக்கி மாவட்டம், வண்டன்மேடு பக்கம். கம்பத்திலேர்ந்து கம்பம்மெட்டு வழியா மலை ஏறினா ஏலத்தோட்டமா வருமே, அங்கேதான். பேச்சு தேனிப் பேச்சு, ரேஷன் கார்டு கேரளா. வந்த நாளிலேர்ந்து வீட்டில் ரசம் சாதம், தோசை, திரும்ப ரசம் சாதம். "அத்தையை ஒரு நாளாவது வெளியில கூட்டிட்டுப் போங்க"ன்னு தங்கமணி உத்தரவு போட்டாச்சு. பையனுக்கு அன்னிக்குக் கால்பந்து. அவனை மைதானத்தில் இறக்கிவிட்டுட்டு நாங்க மூணு பேரும் கிளம்பினோம்.

"எங்கப்பா போறோம்?"

"தாய் ஓட்டல்மா."

"தாய் சமையலா? அப்ப நல்லாத்தான் இருக்கும்" என்றார் அம்மா. தாய்லாந்துன்னு விளக்கறதுக்குள்ள ஓட்டலே வந்துடுச்சு :-)

மதியம் பஃபே. ஆளுக்கு 15 டாலர், எவ்வளவு வேணா சாப்பிடலாம்.

"எம்புட்டு வேணாலும் திங்கலாமா? கணக்கு கெடையாதா?"

"கெடையாதும்மா."

"அப்புறம் எப்புடிப்பா இவுக கடை நடத்துறாக?"

நியாயமான கேள்வி. இந்த பஃபே சமாச்சாரம் அமெரிக்காவில் பெரிசா பரவினது லாஸ் வேகஸ்லேர்ந்துதான்னு சொல்வாங்க. 1940களில் எல் ராஞ்சோன்னு ஒரு ஓட்டல்ல, சூதாட வந்தவங்க பசிக்குதுன்னு எழுந்து போயிடக் கூடாதுன்னு ஒரு டாலருக்கு ராத்திரிச் சாப்பாடு பரப்பி வெச்சாங்களாம். சூதாட்டம் இல்லாத கடைக்கு வேற தந்திரம். வரிசையில் முதல்ல சோறும் நூடுல்ஸும் இருக்கும். வயித்தை அடைக்கிற, விலை குறைஞ்ச ஐட்டம். எறால் கடைசியில, அதுவும் சின்னக் கரண்டியோட. பல வருஷ அனுபவத்தில் அடியேன் கடைசியிலேர்ந்து ஆரம்பிக்கிற ஆள். (ஹி ஹி)

தங்கமணிக்குப் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை. தேங்காப்பால் ஓடற கிரீன் கறியைப் பாத்ததும், "எங்க ஊர் இஷ்டுல யாரோ புல்லை அரைச்சு ஊத்திட்டாங்க"ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு தடவை போட்டுக்கிட்டாங்க. அம்மா ஒரே தட்டுதான். கொஞ்சம் சோறு, கொஞ்சம் மஸ்ஸமன் கறி. மீன் சாஸில் மிளகாய் நறுக்கிப் போட்டிருந்ததை நக்கிப் பாத்துட்டு, "காந்தாரி மாதிரியே சுருக்குன்னு இருக்கு"ன்னு முகம் மலர்ந்தாங்க.

மஸ்ஸமன்னா உருளைக்கிழங்கு, வேர்க்கடலை எல்லாம் போட்ட கறி. பட்டை, கிராம்பு, ஏலக்காய் வாசம் இருக்கும். அம்மா அதிலேர்ந்து ஒரு காயை எடுத்து, விரலால துடைச்சு, வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாங்க. வெளுப்பா, உருண்டையா இருந்தது.

"இது நம்ம காய் இல்ல தம்பி. வேற சாதி. நம்ம காய் நீட்டமா, மூணு பட்டையா, பச்சையா இருக்கும்."

சரியாத்தான் சொன்னாங்க. தாய்லாந்தில் விளையற ஏலக்காய் வெளுப்பா உருண்டையாத்தான் இருக்கும். முப்பத்தஞ்சு வருஷம் காய் எடுத்த கை. செடியோட தூரிலேர்ந்து சரம் தரையோட படரும். ஈரத்துல குனிஞ்சும் உக்காந்தும் பழுத்ததா பாத்துக் கிள்ளணும். மழை, அட்டைக் கடி எல்லாம் சேத்துதான் கூலி. அப்புறம் ஸ்டோரில் விறகு போட்டு உலத்தி, தேய்ச்சு, சல்லடையில சலிச்சு, பெரிசு, நடுத்தரம், பொடிசுன்னு பிரிக்கணும். அஞ்சு கிலோ பச்சைக்காய் உலந்தா ஒரு கிலோ தேறும்.

இனிமேதான் மேட்டர்.

நான் மூணாவது தட்டோட திரும்பி வர்றேன். அம்மா தன் தட்டுலேர்ந்து மூணு ஸ்பிரிங் ரோலை டிஷ்யூ பேப்பர்ல சுத்திக் கைப்பைக்குள்ள வெச்சுக்கிட்டிருக்காங்க. பேரனுக்கு ஸ்பிரிங் ரோல்னா உசிருன்னு அவங்களுக்குத் தெரியும். சுவத்துல 'சாப்பாட்டை வெளியே எடுத்துப் போகக் கூடாது'ன்னு பெரிசா போர்டு. பக்கத்து மேசையில என் ஆபீஸ் ஆள் ஒருத்தர் குடும்பத்தோட. எனக்கு ஜிவ்வுன்னு ஏறிடுச்சு.

"எடுத்து வைம்மா. எடுத்து மேசை மேல வை."

குரல் கொஞ்சம் ஓங்கிடுச்சு. அம்மா ஒண்ணும் சொல்லல. பையைத் திறந்து, டிஷ்யூவைப் பிரிச்சு, மூணையும் ஒண்ணு ஒண்ணா மேசையில வரிசையா வெச்சாங்க.

அந்த வரிசையைப் பாத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க.

எண்பதுகளின் கடைசி. எனக்கு ஒம்பது வயசு. சாயங்காலம் ஸ்டோர் வாசல்ல அம்மாவுக்காகக் காத்திருப்பேன். வேலை முடிஞ்சு வர்ற பொம்பளைங்களை வாசல்ல நிறுத்தி சோதனை போடுவாங்க. தூக்குவாளியைத் திறந்து காட்டணும், முந்தானையை உதறிக் காட்டணும். அன்னிக்கு அம்மா முந்தானை முடிச்சுல ஏழு காய் இருந்தது. மறுநாள் என் பொறந்த நாள், பாயசம் வெக்கிறதா சொல்லியிருந்தாங்க. சூப்பர்வைசர் கத்தல, அடிக்கல. "எடுத்து வை"ன்னு மட்டும் சொன்னார். அம்மா ஏழையும் மேசையில வரிசையா வெச்சாங்க. அரை நாள் கூலி போச்சு. லயத்துக்குத் திரும்பி நடக்கறப்போ ரெண்டு பேரும் பேசல. பாயசம் மறுநாள் வந்தது, ஏலக்காய் இல்லாம.

அதே ரெண்டு வார்த்தை. இந்தத் தடவை சொன்னது நான்.

தங்கமணி நிலைமையைப் புரிஞ்சுக்கிட்டு அந்த மூணையும் எடுத்து, "எனக்கு இன்னும் பசிக்குது அத்தை"ன்னு சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நான் கவுண்டருக்குப் போய்த் தனியா ஒரு பார்சல் சொல்லலாம்னு எழுந்தேன். "வேணாம்பா, காசு குடுத்து எதுக்கு"ன்னு அம்மா தடுத்துட்டாங்க.

காரில் அஞ்சு நிமிஷம் சத்தமே இல்ல. அப்புறம் அம்மாவே ஆரம்பிச்சாங்க.

"நான் ஒரு தட்டுதானே தின்னேன். உனக்கு மூணு தட்டு ஆச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே காசுதானே? மிச்சம் என்னோடதுதான்னு நெனச்சேன்."

"அப்படி இல்லம்மா. எல்லாரும் சராசரியா எவ்வளவு சாப்பிடுவாங்கன்னு கணக்கு போட்டு விலை வெச்சிருக்காங்க. சில பேர் அதிகம், சில பேர் கம்மி. சரியாப் போயிடும்."

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க.

"அப்ப கம்மியாத் திங்கிறவ காசுலதான் நெறையாத் திங்கிறவன் திங்கிறான்னு சொல்லு."

தங்கமணி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கொஞ்ச தூரம் போனப்புறம் சிரிப்பு வரல. 2019 ஆகஸ்ட்ல புற்றடி ஏலத்துல காய் கிலோ 7000 ரூபாயைத் தொட்ட சேதி வந்தப்போ, போன்ல அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது: "கூலி ஏறுமாப்பா?"

மைதானத்துலேர்ந்து பையன் ஓடி வந்து காரில் ஏறினதும் முதல் கேள்வி, "பாட்டி, எனக்கு என்ன கொண்டு வந்தீங்க?"

"ஒண்ணும் கொண்டாரலயே சாமி. ராத்திரி பாட்டி பாயசம் வெச்சுத் தாரேன்."

அம்மாகிட்ட நான் இன்னும் மன்னிப்பு கேக்கல. எங்க வீட்டுல அப்படிக் கேட்டுப் பழக்கமில்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னும் தெரியல. அன்னிக்கு ராத்திரி அடுப்படியில போய் நின்னேன். இந்தியன் கடையில வாங்கின ஏலக்காய் ஒரு பெரிய டப்பா நிறைய இருக்கு. திறந்து அம்மா முன்னாடி வெச்சேன்.

"நிறையப் போடும்மா."

அம்மா உள்ள கையை விட்டு, தேடி, நல்ல பச்சையா ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தட்டிப் போட்டாங்க.

"ஒண்ணு போதும் தம்பி. வாசம் வந்துரும்."

வந்தது.