போடாத வோட்டு

சொல்வதற்கு நாணம் தருகின்ற ஒரு செய்தியைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். பிறர் குற்றத்தை எடுத்துப் பேசுவதில் நமக்குள்ள ஊக்கம், நம் குற்றத்தைப் பேசுவதில் இருப்பதில்லை. ஆயினும், ஊரைத் திருத்தப் புகுந்தவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நம்புகிறவர்களே இவ்வேட்டைப் படிக்கிறவர்கள். ஆதலின் மறைக்காமற் சொல்லுகிறேன்.

உத்தியோக நிமித்தம் நான் 2014 முதல் 2020 வரை இங்கிலாந்தில் வசித்தேன். இலண்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 50 மைல் தொலைவில் பெட்போர்டு என்றொரு நகர் உண்டு. இலண்டனில் வாடகை கொடுத்து மாளாதென்று அந்நகரில் ஓர் இத்தாலிய அம்மையாரின் இல்லத்தில் மாடியறையொன்றை அமர்த்திக்கொண்டேன். கணவரை இழந்தவர்; ஒரே மகன் வேறூரில் இருந்தான். என்னை அவர் "மகனே" என்றழைப்பார். நானும் அவரை "அம்மா" என்றே அழைத்துவந்தேன்.

பெட்போர்டில் இத்தாலியர் பெருந்தொகையினராய் வாழ்வதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் இடிந்த இங்கிலாந்தை மீண்டும் கட்டியெழுப்பச் செங்கல் வேண்டியிருந்தது. சூளையிலே வேக உள்ளூரார் முன்வரவில்லை. ஆகவே 1951 முதல் தென்னித்தாலியக் கிராமங்களிலிருந்து ஏழைக் குடியானவர்களை ஒப்பந்தத்தின்மேல் அழைத்துவந்தார்கள். போர்க் கைதிகள் இருந்த கொட்டகைகளிலே அவர்களிற் பலர் முதலில் தங்கவைக்கப்பட்டனர். அம்மையாரின் தந்தை அவ்வாறு வந்தவர். அம்மையார் 1956ஆம் ஆண்டில், தம் பத்தாம் வயதில், தாயுடன் வந்து சேர்ந்தார். பால்மரம் வெட்ட அழைத்துவரப்பட்டவர்களின் பேரனாகிய எனக்கு இக்கதை புதிதாகத் தோன்றவில்லை.

அறுபது ஆண்டு வாழ்ந்தும் அவர் ஏன் பிரிட்டிஷ் பிரஜை ஆகவில்லை என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டேன். 1992ஆம் ஆண்டு வரையில், தன் விருப்பத்தால் பிறநாட்டுப் பிரஜாவுரிமை பெறும் இத்தாலியர் தாய்நாட்டுப் பிரஜாவுரிமையை இழந்துவிட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். தாய்நாட்டில் தம் பாட்டியின் கல்லறை இருக்கும்போது அதை விட்டுவிட அவருக்கு மனமில்லை. 1992க்குப் பின் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. ஆனால் அப்போது அதற்குத் தேவையே இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் உறுப்பாக இருந்தமையால், இத்தாலியர் ஒருவர் அங்கே தங்கவும் தொழில் செய்யவும் தடை கிடையாது. இல்லாத தடையை நீக்கிக்கொள்ள 1,000 பவுனுக்கு மேல் கட்டணம் செலுத்துவார் யார்?

இந்நிலையில் 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் நாள், ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பொதுஜன வாக்கெடுப்பு நடந்தது. அதில் யாருக்கு வோட்டு என்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் பிரஜைகளுக்கும் அயர்லாந்துக்காரருக்கும் வோட்டு உண்டு. அங்கே முறைப்படி குடியிருந்த காமன்வெல்த் நாட்டாருக்கும் உண்டு. மால்டா, சைப்பிரஸ் நாட்டார் காமன்வெல்த்தைச் சேர்ந்தவராதலின் அவர்களுக்கும் கிடைத்தது. மற்ற ஐரோப்பியருக்கு, நகராட்சித் தேர்தலில் வோட்டுப் போட்டுவந்தவர்களாயினும், இதில் இடமில்லை. அதாவது, மலேசியப் பாஸ்போர்ட்டுடன் இரண்டே ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கிய எனக்கு வோட்டு இருந்தது. அறுபது ஆண்டு வரி செலுத்திய குடும்பத்தைச் சேர்ந்த அம்மையாருக்கு இல்லை. எவருடைய குடியிருப்பின் தலைவிதி அன்று நிறுக்கப்பட்டதோ, அவர் கையில் சீட்டு இல்லை.

அன்று காலை நான் புறப்படும்போது அம்மையார் வாசல் வரையில் வந்தார். "மகனே, இன்று மறந்துவிடாதே. எனக்கு இல்லாதது உனக்கு இருக்கிறது. என் பங்கையும் சேர்த்துப் போட்டுவிடு" என்றார். இருப்பதற்கே போடுவேன் என்று வாக்களித்தேன்.

அன்றைய தினம் இலண்டனில் பெருமழை. ரயில்கள் பல தடைப்பட்டன. நான் வீடு திரும்பியபோது இரவு மணி ஒன்பது. வாக்குச் சாவடி பத்து நிமிட நடையில் இருந்தது. பத்து மணி வரை திறந்திருக்கும். நனைந்த காலணியைக் கழற்றினேன். மீண்டும் மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை. இருப்பதென்னும் பக்கமே வெல்லும் என்று பலரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கோடிக் கணக்கான சீட்டுகளுக்கிடையே என் சீட்டு ஒன்றால் ஆவதென்ன என்று எண்ணினேன்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "போட்டாயிற்றா?"

"போட்டுவிட்டேன், அம்மா" என்றேன்.

அவர் சூடான உணவை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார். நானும் அதை உண்டேன்.

மறுநாட் காலையில் முடிவு தெரிந்தது. விலகுவதற்கு நூற்றுக்கு 51.9, இருப்பதற்கு 48.1. வேறுபாடு ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் வோட்டு. வோட்டிருந்தும் போடாதவர்களோ சுமார் 1 கோடியே 29 இலட்சம் பேர். அஃதாவது வேறுபாட்டைப்போல் பத்து மடங்கு. என் சீட்டு ஒன்று முடிவை மாற்றியிராது என்பது உண்மையே. ஆனால் "என் சீட்டு ஒன்றால் ஆவதென்ன" என்று எண்ணிக் காலணி கழற்றியவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்றால், அவ்வெண்ணத்துக்கு அறிவு என்று பெயர் சூட்டலாமா? அம்மையார் என்னைப் பார்த்து, "நீயாவது எனக்காகப் பேசினாய்" என்றார். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது.

நிற்க. விலகுவதற்கு வோட்டளித்தவர்களெல்லாம் அந்நியரைப் பகைத்தவர்கள் என்று யான் சொல்லேன். 2004ஆம் ஆண்டில் போலந்து முதலிய நாடுகள் ஒன்றியத்திற் சேர்ந்தபின் வந்து குடியேறியவர் தொகை பெருகிற்று. வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காத்து நின்ற ஏழை ஆங்கிலேயன் கேட்ட கேள்விக்கு விடை வேண்டியதே. எத்தனை பேரை இனி வரவிடுவது என்று ஒரு நாடு தீர்மானிக்கட்டும். முன்னமே வந்து, வீடு வாங்கி, பிள்ளை பெற்று, வேரூன்றிவிட்டவனைப் பணயப் பொருளாக வைப்பது எவ்வாறு நீதியாகும்? விலகல் கட்சித் தலைவர்களே வாக்கெடுப்புக்கு மூன்று வாரத்திற்கு முன், ஏற்கனவே குடியிருப்பவர்களுக்கு நிலையான வாசவுரிமை தானாகவே கிடைக்கும் என்று கையொப்பமிட்டு அறிக்கை விடுத்திருந்தனர்.

வாக்கெடுப்பு முடிந்ததும் "தானாகவே" என்னும் சொல் மறைந்துவிட்டது. ஐரோப்பாவில் வாழும் பிரிட்டிஷாருக்கு உறுதி கிடைத்தாலன்றி இவர்களுக்கு உறுதி கிடையாது என்றது தெரிசா மே அம்மையாரின் மந்திரிசபை. 2017 மார்ச்சு முதல் தேதி பிரபுக்கள் சபை 358க்கு 256 என்னும் வாக்குகளால், இவர்களுடைய உரிமையைக் காக்கும் திருத்தமொன்றை நிறைவேற்றிற்று. பன்னிரண்டு நாளில் காமன்ஸ் சபை அதைத் தள்ளிவிட்டது. அந்த ஆண்டின் கடைசியில்தான் இரு தரப்பாருக்கும் இவ்விஷயத்தில் ஓர் இணக்கம் ஏற்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் மக்கள் பட்ட பாட்டை நான் அருகிருந்து கண்டேன். நிரந்தர வாசத்திற்கு விண்ணப்பிக்கலாமென்று ஓடியவர்கள் கையில் 85 பக்கமுள்ள படிவமொன்று வைக்கப்பட்டது. படிக்க வந்தவரும், வீட்டிலிருந்து பிள்ளை வளர்த்தவருமாகிய பலர், முன்பு எவரும் வற்புறுத்தாத தனி வைத்தியக் காப்புறுதி இல்லையென்று தள்ளப்பட்டனர். 2017 ஆகஸ்டில், நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்னும் கடிதங்கள் சுமார் நூறு பேருக்குத் தவறாக அனுப்பப்பட்டன. பின்பு சர்க்கார் வருத்தம் தெரிவித்தது. தவறு நூறு வீட்டில். அச்சம் இலட்சக் கணக்கான வீட்டில். தபாற்காரன் வரும் நேரமாயின் எங்கள் அம்மையார் கூடத்தில் வந்து நிற்பார். தோட்டத்தில் தக்காளி நடுவதையும் அவ்வாண்டு விட்டுவிட்டார். "யார் பறிக்கப் போகிறோமோ!" என்பார்.

உண்மையில் சட்டப்படி அவருக்கு அச்சமே வேண்டுவதில்லை. 1973 ஜனவரிக்கு முன் வந்து நிலைத்துவிட்டவர்களுக்கு வரம்பற்ற வாசவுரிமை அன்றே உண்டு. ஆனால் அதற்குத் துண்டுக் கடிதமும் கையில் இல்லை. உரிமை இருந்து பத்திரம் இல்லாதவன் கதி என்ன என்பதை 2018இல் உலகமே அறிந்துகொண்டது. கரீபியன் தீவுகளிலிருந்து முறைப்படி குடியேறி முதியோராகிவிட்ட கறுப்பின மக்களுள் பலர், அத்தாட்சி காட்ட இயலாமையால் வேலை இழந்தனர், சிகிச்சை மறுக்கப்பட்டனர், சிலர் சிறைப்பட்டு, நாடு கடத்தவும்பட்டனர். அச்செய்தியைப் படித்த நாளில்தான் அம்மையாரின் மகன் பதறி ஓடிவந்து, விண்ணப்பம் செய்தே தீர வேண்டும் என்றான்.

அம்மையார் இணங்கவில்லை. "அறுபது வருஷம் நான் குடியிருக்கும் வீட்டுக் கதவை வெளியே நின்று தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்கச் சொல்கிறாயா?" என்றார். அவனிடம் அதற்கு விடையில்லை. என்னிடமும் இல்லை.

முடிவில் 2019 கோடையில் அவர் மனம் இளகினார். முதலில் விதிக்கப்பட்டிருந்த 65 பவுன் கட்டணம் அதற்குள் எடுபட்டுவிட்டது. கைப்பேசியின் செயலியொன்றால் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் படம்பிடித்து அனுப்ப வேண்டும். அச்செயலி அவ்வாண்டு அக்டோபர் வரையில் ஐபோனில் இயங்கவில்லை. மகனிடம் இருந்தது ஐபோன். என்னுடைய ஆண்ட்ராய்டு கைப்பேசி பயன்பட்டது. செய்யத் தவறிய கடமைக்கு ஈடாக ஒரு சிறு துரும்பையாவது கிள்ளிப்போட வாய்த்ததே என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு அம்மையார் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். தந்தையின் சூளை ஒப்பந்தம், அவருடைய அந்நியர் பதிவுப் புத்தகம், பள்ளிச் சான்றுகள், கூலிச் சீட்டுகள். எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. மலாயாவுக்குச் சிறுமியாய் வந்து, தோட்டத்தில் உழைத்து, எட்டுப் பிள்ளைகளைப் பெற்று, சாகும்வரையில் சிவப்பு அடையாள அட்டையுடனேயே வாழ்ந்த கிழவி அவர். பிரஜையல்லாதாருக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமென்று 1969இல் வந்த நெருக்கடியில், தோட்டத்து மக்கள் ஆயிரக் கணக்கில் கப்பலேறியதை அவர் கண்டிருந்தார். அவரும் அவ்வாறே ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். விருந்தினருக்கும் அதைத் திறக்கமாட்டார். ஆனால் மாதமொருமுறை தானே திறந்து, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

சில நாட்களில் விடை வந்தது; வாசவுரிமை வழங்கப்பட்டது. அவ்விடையோடு, "இக்கடிதம் உம் உரிமைக்கு அத்தாட்சியாகாது" என்னும் பொருள்பட ஒரு வரியும் இருந்தது. "பின் எது அத்தாட்சி?" என்றார் அம்மையார். சர்க்காரின் கணிப்பொறியில் இருக்கிறது, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "கணிப்பொறி கெட்டுப்போனால்?" என்றார். எனினும் அக்கடிதத்தை அச்சிட்டு வாங்கித் தகரப் பெட்டியிலே தந்தையின் ஒப்பந்தத்தின்மேல் வைத்தார்.

அப்போது என்னால் தாங்க முடியவில்லை. "அம்மா, அன்று நான் வோட்டுப் போடவில்லை. தங்களிடம் பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் பெட்டியை மூடினார். சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். "என் மகனும் போடவில்லை. அவன் இந்நாட்டில் பிறந்தவன். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை" என்றார். அவ்வளவே. மறுநாளும் எனக்கு உணவு வைத்தார். ஆனால் அன்றிலிருந்து எதையும் என்னை நம்பி ஒப்படைத்ததாக எனக்கு நினைவில்லை.

விண்ணப்பக் கெடு 2021 ஜூன் 30இல் முடிந்தது. முப்பது இலட்சம் பேர் என்று எல்லாரும் பேசிவந்த அம்மக்களிடமிருந்து, 60 இலட்சத்துக்கு மேல் விண்ணப்பங்கள் வந்திருந்தன. தன் வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதே தெரியாமல்தான் அவர்களை வைத்துப் பேரம் பேசியிருக்கிறது ஓர் அரசு. ஐந்தாண்டு நிறையாதவர்களுக்குத் தற்காலிக உரிமையே கிடைத்தது. அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கத் தவறினால் உரிமை போய்விடும் என்றிருந்த விதி சட்டவிரோதம் என்று 2022 டிசம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி பிழைத்தது, அதற்கு ஆறாண்டு பிடித்தது.

நேயர்களே, நம் ஊரிலும் சிவப்பு அட்டையுடன் ஒரு முதியவர் இருப்பார். அவருக்கு வோட்டில்லை, உங்களுக்கு உண்டு. தேர்தல் நாளில் மழை பெய்தால் அவரை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். காலணியைக் கழற்றுமுன் நினைத்துக்கொள்ளுங்கள்.