மஞ்சள் கடுதாசி

எங்கள் பக்கத்துப் பேச்சில் திவால் மனுவுக்கு அதுதான் பெயர். திருவண்ணாமலைத் தேரடி வீதியில் அப்பா விட்டுச்சென்ற பாத்திரக் கடை கடனில் மூழ்கியபோது, அண்ணன் தம்பி இருவரும் ஒரு வக்கீலைத் தேடி அலைந்தோம்.

முதலில் பார்த்தவர் கணக்கைத் திறக்கவே இல்லை. "வீட்டை அம்மா பேருக்கு மாற்றிவிட்டு வாருங்கள்" என்றார். கேட்க நிம்மதியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

இரண்டாமவர் பேரேட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படித்தார். எங்களைப் போன்ற தனிமனிதருக்கு இன்னமும் 1920ஆம் ஆண்டுச் சட்டம்தானாம். 2016இல் வந்த புதிய சட்டத்தின் அந்தப் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. விலை பெறாமல் மாற்றிய சொத்தை, மாற்றிய இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டால் நீதிமன்றம் ரத்து செய்யலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்தில், வேண்டிய ஒருவருக்கு மட்டும் கடனை அடைத்திருந்தால் அதுவும் நிற்காது.

"அப்படி யாருக்காவது கொடுத்தீர்களா?"

தாய்மாமனுக்குக் கொடுத்திருந்தோம். மற்ற கடன்காரர்கள் அறியாமல், முழுத் தொகையையும்.

எங்களைக் கலங்கடித்த இவரிடமே வக்காலத்தில் கையெழுத்திட்டோம். மறுநாள் மாமாவிடம் விஷயத்தைச் சொல்லப் போனோம். அந்தப் பணத்தில் வாங்கிய கறவை மாடு வாசலில் கட்டியிருந்தது. அத்தை பால் காய்ச்சிக் கொடுத்தாள்.