இருப்பதை இணைப்பது

பெரிய நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பு வெற்று மனையில் எழுவதில்லை. கணக்குக்கு ஒரு ஈ.ஆர்.பி., விற்பனைக்கு ஒரு சி.ஆர்.எம்., கிடங்குக்குத் தனி மென்பொருள், எப்போதோ ஒருவர் கோபோல் மொழியில் எழுதிவிட்டுப் போன சம்பளக் கணக்கு, நடுவில் வாங்கிய துணை நிறுவனம் கையோடு கொண்டுவந்த இன்னொரு ஈ.ஆர்.பி. என்று எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற எதையும் நிறுத்தாமல் இவற்றை ஒன்றோடொன்று பேசவைப்பதும், வேண்டாததைக் கழிப்பதும், புதிதாக வருவது எங்கே உட்காரும் என்று தீர்மானிப்பதும் ஆர்க்கிடெக்டின் வேலை.

இதற்கென்று சட்டகங்கள் உண்டு. 1987இல் ஜான் சாக்மன் ஐ.பி.எம். சிஸ்டம்ஸ் ஜர்னலில் எழுதிய கட்டுரை இத்துறைக்கு முதல் கட்டங்களை வரைந்து கொடுத்தது. 1995இல் வெளிவந்த டோகாஃப் இன்று வணிகம், தரவு, செயலி, தொழில்நுட்பம் என நான்காகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. எதையாவது மறந்துவிட்டோமா என்று சரிபார்க்க இரண்டும் உதவும். கட்டங்களை முழுக்க நிரப்பியே தீருவது என்று இறங்கினால் சுவரளவுக்கு ஒரு படம் கிடைக்கும். அது முடிவதற்குள் நிறுவனம் மாறியிருக்கும்.

முதலில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். கேட்டவுடன் தரப்படும் பட்டியல் எப்போதும் குறைவாகவே இருக்கும். உண்மையான படம் வேறு இடங்களில் கிடைக்கிறது: ஃபயர்வாலில் எந்த சர்வருக்கு யார் வழி கேட்டு வாங்கியிருக்கிறார்கள், நள்ளிரவுக்குப் பிறகு தானாக ஓடும் வேலைகள் எவை, மாதக் கடைசியில் கணக்குப் பிரிவு எந்த எக்செல் கோப்பைத் திறக்கிறது. அந்த எக்செல் பல நிறுவனங்களில் எந்த வரைபடத்திலும் இல்லாத முக்கியமான இணைப்பு. அதைக் கையால் நிரப்புகிறவர் விடுப்பில் போனால்தான் அது இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியவரும்.

அடுத்தது தரவு. எந்தத் தகவலுக்கு எந்த மென்பொருள் பொறுப்பு என்பதை முடிவு செய்யாமல் போடும் இணைப்பு, பிழையை வேகமாகப் பரப்புவதற்கே உதவும். தமிழ்நாட்டு வாடிக்கையாளர் பட்டியல்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். வெளிநாட்டில் வடிவமைத்த திரை, குடும்பப் பெயரைக் கட்டாயம் கேட்கும். ஆர். முருகன் என்பவரை ஒரு கிளையில் ‘முருகன் ஆர்’ என்று பதிவார்கள். இன்னொரு கிளையில் இனிஷியலை விரித்து ‘முருகன் ராமசாமி’ ஆக்குவார்கள். மூன்றாமவர் குடும்பப் பெயர் இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த திரைக்குப் போய்விடுவார். ஒரே ஆளுக்கு மூன்று எண், மூன்று கடன் வரம்பு. பெயரை ஒப்பிட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

அப்படியானால் ஜி.எஸ்.டி. எண்ணை அடையாளமாக வைக்கலாமே என்று தோன்றும். அந்த எண் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 15 எழுத்துகளில் 3 முதல் 12 வரை உள்ளவை பான் எண். ஓசூரிலும் பெங்களூருவிலும் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஜி.எஸ்.டி. எண் இரண்டு, பான் ஒன்று. விலைப்பட்டியல் போடுகிறவருக்கு முன்னது வேண்டும், கடன் வரம்பு பார்க்கிறவருக்குப் பின்னது. வாடிக்கையாளர் என்பவர் யார் என்ற இந்தக் கேள்வியை நிரலாளரிடம் விடக் கூடாது. விற்பனைத் தலைவரும் நிதித் தலைவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்க்க வேண்டியது அது. அந்தக் கூட்டத்தைக் கூட்டுவது நிரல் எழுதுவதைவிடக் கடினம்.

இணைப்பு முறைகளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். 20 மென்பொருள்களை நேருக்கு நேர் இணைத்தால் 190 இணைப்புகள்வரை போகும். அதனால் நடுவே ஒரு பொதுத்தளம் வைக்கிறார்கள். நாளாக நாளாகத் தள்ளுபடி விதி, வரி விதி எல்லாம் அதற்குள் குடியேறி, கடைசியில் அதைத் தொடவே எல்லோரும் பயப்படுவார்கள். தபால்காரர் கடிதத்தைச் சேர்த்தால் போதும், பிரித்துத் திருத்தக் கூடாது. இரவில் ஒரு முறை கோப்பு அனுப்பும் பழைய வழியிலும் இழிவு ஒன்றுமில்லை. நாளுக்கு ஒரு முறை மாறும் தகவலுக்கு உடனடி இணைப்பு வீண் செலவு.

கைத்திறன் தெரிவது இணைப்பு அறுந்துபோகும் நேரத்தில். 2020 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் ரூ. 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு மின்-விலைப்பட்டியல் கட்டாயமானது. 2023 ஆகஸ்டில் வரம்பு ரூ. 5 கோடிக்கு இறங்கியது. பில் விவரம் அரசுத் தளத்துக்குப் போய், 64 எழுத்து கொண்ட ஐ.ஆர்.என். என்ற பில் அடையாள எண்ணுடனும் கியூ.ஆர். குறியுடனும் திரும்ப வேண்டும். லாரி வாசலில் நிற்கிறது. தளம் எண்ணை உருவாக்கிவிட்டது, ஆனால் பதில் வழியில் தொலைந்தது. நிறுவனத்தின் மென்பொருள் மறுபடி அனுப்புகிறது; ‘இது ஏற்கெனவே வந்துவிட்டது’ என்று தளம் மறுக்கிறது. விற்பவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்தே ஐ.ஆர்.என். பிறப்பதால், ஒரே பில்லுக்கு இரண்டு எண் வராது. அரசுத் தளத்தின் இந்த வடிவமைப்பு பாராட்டத் தக்கது. அவசரமாக எழுதிய மென்பொருளோ மறுப்பைத் தோல்வி என்று திரையில் காட்டும். எழுத்தர் புது எண்ணில் இன்னொரு பில் போடுவார். ஒரு விற்பனைக்கு இரண்டு வரிக் கணக்கு. அந்த மறுப்பை வெற்றியாக எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே உருவான எண்ணைக் கேட்டு வாங்குவதே சரி. எந்த இணைப்பிலும் ‘இதே செய்தி இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்’ என்ற கேள்விக்கு வடிவமைப்பிலேயே பதில் இருக்க வேண்டும்.

ஒரு அமைப்பு உருவாக்கும் வடிவமைப்பு அந்த அமைப்பின் தகவல் தொடர்பையே ஒத்திருக்கும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். இரண்டு பிரிவுகள் பேசிக்கொள்ளாத இடத்தில் அவற்றின் மென்பொருள்களும் பேசாது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றிவிடும் நாள்தான் பெரிய ஆபத்து. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில், பழைய உரிமையாளரான லாயிட்ஸின் கணினிகளிலிருந்து புதிய உரிமையாளரான ஸ்பெயினின் சபடெல் அமைத்த தளத்துக்கு, பெரும்பகுதியை ஒரே வார இறுதியில் நகர்த்தியது. தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. தளம் சுமை தாங்கவில்லை. 52 லட்சம் வாடிக்கையாளர்களில் 19 லட்சம் பேர்வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் நின்றார்கள். இயல்பு நிலை திரும்ப டிசம்பர் ஆயிற்று. இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்திருந்தது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. 2022இல் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. இப்படி ஒரேயடியாக இல்லாமல் கிளை கிளையாக, பொருள் பொருளாக நகர்த்தினால் பழையதும் புதியதும் மாதக்கணக்கில் சேர்ந்தே ஓட வேண்டும், செலவு கூடும், இரண்டின் கணக்கையும் தினம் ஒப்பிட வேண்டும். அந்தச் செலவை நிர்வாகம் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவழியில் கேட்டால் கிடைக்காது.

மிஞ்சுவது பழையதை மூடுவது. திட்ட அறிக்கையில் கடைசி வரியாக இருக்கும், பணம் தீரும்போது முதலில் வெட்டப்படும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதால், ‘தணிக்கைக்காக’ என்று பழைய சர்வரை அப்படியே விட்டுவைப்பார்கள். உரிமக் கட்டணமும் பாதுகாப்பு ஓட்டைகளும் தொடரும். தேவையான பதிவுகளைத் தேடிப் படிக்கக்கூடிய காப்பகமாகப் பிரித்தெடுத்து, அதிலிருந்து ஒரு பழைய பில்லைத் தணிக்கையாளரே எடுத்துப் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு சர்வரை அணைக்கலாம்.